வங்கக் கடலைச் சுற்றி அடுக்கிய புத்தகங்கள்

இந்தமுறை வடசென்னை ராயபுரத்தில் என் போர் நாவல் அலமாரியில் புதிதாக ஏறியவை பத்துக் கட்டுகள். ஒன்று நடைப்பயணக் குறிப்பு, மற்ற ஒன்பதும் நாவல். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும் ‘கடலுக்கு அப்பால்’ நாவலும் சேர்ந்த ஒரே கட்டு, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, ‘இமையத் தியாகம்’, வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணம். கல்கியின் ‘அலை ஓசை’. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. ரஷ்யாவிலிருந்து ‘அதிகாலையின் அமைதியில்’, ‘உண்மை மனிதனின் கதை’. கடைசியாக ஷோபாசக்தியின் ‘கொரில்லா’.

போர் நாவல் என்று கேட்டால் கடைகளில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் ஐரோப்பாதான். பாரிஸ், லண்டன், போலந்து முகாம்கள். அவையும் படிக்க வேண்டியவை. ஆனால் துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டாம் உலகப் போர் முதலில் வங்கக் கடலின் போர். இங்கிருந்து கப்பலேறினால் ரங்கூன். நாகப்பட்டினம் தொட்டுப் போனால் பினாங்கு, சிங்கப்பூர். பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமத்ராவில் மெடான். இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட தமிழர்களின் கதைதான் நம் மொழியில் எழுதப்பட்ட போர் நாவல்களின் நடுப்பகுதி. அலமாரியையும் அப்படித்தான் அடுக்க வேண்டும் என்பது என் கட்சி: கடலை நடுவில் வைத்து, நாள் வரிசையில்.

ஆசிரியர் பெயர் வரிசையோ, வெளிவந்த ஆண்டு வரிசையோ போர் நாவலுக்கு உதவாது. சிங்காரத்தையே பாருங்கள். ‘கடலுக்கு அப்பால்’ முதலில் எழுதப்பட்டது, ஆனால் அதன் கதை போர் ஓய்ந்து இந்திய தேசிய ராணுவம் கலைந்த பிறகு பினாங்கு வட்டிக்கடைக்குத் திரும்பும் செல்லையாவின் கதை. ‘புயலிலே ஒரு தோணி’ அச்சில் வந்தது 1972-இல், ஆனால் அது ஜப்பானியர் மெடானுக்குள் நுழையும் 1942 மார்ச்சில் தொடங்குகிறது. வெளிவந்த வரிசையில் படித்தால் முடிவைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்கு வருவது போலாகும். சேர்த்துக் கட்டிய பதிப்பு கையில் இருந்தால் ‘தோணி’யை முதலில் முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு அட்டைச் சீட்டு வைக்கலாம். 3 அங்குலத்துக்கு 5 அங்குலம் போதும். ஆண்டர்சன் தெருக் காகிதக் கடையில் 300 ஜி.எஸ்.எம். அட்டை ஒரு தாள் வாங்கி வெட்டினால் முழு அலமாரிக்கும் காணும். அதில் நான்கு வரி: கதை தொடங்கும் மாதம், முடியும் மாதம், ஊர்கள், முக்கியப் பாத்திரத்தின் தொழில். பென்சிலில் எழுதுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஜெல் பேனா மை பக்கத்துத் தாளுக்கு இறங்கிவிடும். தொழிலை ஏன் குறிக்க வேண்டும் என்றால், போரை யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. வட்டிக்கடை அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த ஊழியர்) பார்க்கும் ஜப்பானியனும், ரப்பர் பால் வெட்டுபவர் பார்க்கும் ஜப்பானியனும் ஒருவன் இல்லை.

நாள் வரிசைக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். கீழே உள்ள தேதிகளை ஒரே தாளில் எழுதி முதல் தட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால், எந்த நாவலை எடுத்தாலும் நிற்கும் இடம் தெரியும். 1941 டிசம்பர் 8: மலாயாவின் கோத்தபாருவில் ஜப்பானியர் இறங்குகிறார்கள். டிசம்பர் 11: பினாங்கில் குண்டு விழுகிறது. டிசம்பர் 23: ரங்கூனில். 1942 பிப்ரவரி 15: சிங்கப்பூர் சரணடைகிறது. மார்ச் 8: ரங்கூன் ஜப்பானியர் கையில். மார்ச் 13: மெடான். ஏப்ரல் 5: கொழும்பில் விமானத் தாக்குதல். ஏப்ரல் 6: விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 1943 ஜூலை 2: நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்கிறார். அக்டோபர் 17: சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைகின்றன. அக்டோபர் 21: சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு. 1944 மார்ச் முதல் ஜூலை வரை: இம்பால் சண்டை. 1945 ஆகஸ்ட் 15: ஜப்பான் பணிகிறது, ஆகஸ்ட் 17: இந்தோனேசியா விடுதலையை அறிவிக்கிறது. இந்தக் கடைசித் தேதி இல்லாமல் ‘தோணி’யின் பிற்பகுதி பிடிபடாது. மற்றவர்களுக்குப் போர் முடிந்த இடத்தில் நாயகன் பாண்டியனுக்கு இன்னொரு போர் தொடங்குகிறது.

தேதிக்கு அடுத்தது கடிகாரம். ஒரு நாவலாசிரியர் உழைத்திருக்கிறாரா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் ஜப்பானியர் அங்கே டோக்கியோ நேரத்தை வைத்தார்கள். கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே போயிற்று. பினாங்கில் பொழுது விடியும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். 1943 பினாங்கில் ஒருவன் ஆறு மணிக்கு எழுந்து சூரிய உதயம் பார்த்தான் என்று எழுதியிருந்தால், எழுதியவர் அந்தக் காலத்துக்குள் நுழையவில்லை. நம் ஊரும் தப்பவில்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தார்கள். அன்றைய ராயபுரத்தில் மீன்பிடி வலை கரைக்கு வரும் விடியல் வேளையில் கடிகாரம் ஏழு காட்டும்.

பணம் இன்னொரு இடறுகல். மலாயாவில் ஜப்பானியர் அடித்த பத்து டாலர் தாளில் வாழைமரம் இருந்ததால் அதை வாழைமரக் காசு என்றார்கள். ஆனால் எல்லா ஊரிலும் அதே காசு ஓடியதாக எழுதக் கூடாது. சுமத்ராவில் அவர்கள் அடித்தது கில்டர் கணக்கில், பர்மாவில் ரூபாய்க் கணக்கில். மெடானிலிருந்து பினாங்குக்குத் தாண்டும் பாத்திரம் காசு மாற்றியே ஆக வேண்டும். போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் மலாயாவின் வாழைமரத் தாள்கள் வெறும் காகிதமாயின. கடன் கொடுத்தவன், வாங்கியவன், பெட்டியில் கட்டிவைத்தவன் என்று ஒவ்வொருவருக்கும் அது வேறு வேறு அடி. வட்டித் தொழிலைச் சொல்லும் நாவலுக்கு இந்த ஒரு நிகழ்வே நாலைந்து அத்தியாயத்துக்குத் தாங்கும்.

கப்பலும் தபாலும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓட 1926-இல் கட்டப்பட்ட இரட்டைக் கப்பல்கள் ரஜூலா, ரோணா. ரஜூலா போருக்குப் பிறகும் இந்தத் தடத்தில் 1973 வரை ஓடியது. வடசென்னையில் பழைய ஆட்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர் உண்டு. ரோணா திரும்பவில்லை. அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலில் போகும்போது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அருகே ஜெர்மன் விமானத்தின் குண்டு பட்டு மூழ்கியது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆகவே 1946-இல் ரோணாவில் ஊர் திரும்பும் பாத்திரம் இருந்தால் அது பிழை. அதுபோல, 1942 பிப்ரவரிக்குப் பிறகு பினாங்குக்கும் சிவகங்கைக்கும் இடையே சாதாரணத் தபால் போய்வருவதாக எழுதினாலும் பிழை. மூன்றரை வருடம் மனைவிக்குக் கணவன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாமல் இருந்ததுதான் உண்மை நிலை. நல்ல நாவல் அந்த மௌனத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் சிரமமில்லாமல் தாண்டுகிற நாவல் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் வேலைக்காக மெடான் போனவர். ஆராய்ச்சி செய்து எழுதவில்லை, நின்று பார்த்து எழுதியிருக்கிறார். முதல்முறை படிப்பவர்கள் ஐம்பது பக்கத்துக்குள் புத்தகத்தை மூடிவைப்பதற்குக் காரணம் சொற்கள். ஒரு சின்ன அகராதியை நீங்களே கடைசி வெற்றுத் தாளில் எழுதிக்கொண்டால் வழி திறந்துவிடும். வட்டிக்கடையில் ஏறு வரிசை இது: பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள், அதற்கு மேல் ஊரில் இருக்கும் முதலாளி. கிட்டங்கி என்றால் பல வட்டிக்கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் நீளக் கட்டடம். மார்க்கா என்பது கடையின் அடையாள எழுத்து. ஆளைப் பெயரால் சொல்லாமல் மார்க்காவால் சொல்வார்கள். தொங்கான் சீனர்களின் சரக்குப் பாய்மரம். துவான் மலாயில் ஐயா. கெர்க் ஸ்ட்ராட் என்பது டச்சு, கோயில் தெரு என்று பொருள். கெர்க் கிறித்தவக் கோயில். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் வந்து குவியும் இடங்களில் பின்வாங்காதீர்கள். பாண்டியன் நினைவில் மதுரையும் மெடானும் மாறி மாறி வருகின்றன, அதுதான் நாவலின் மூச்சு. ஒரு அமர்வில் நாற்பது பக்கத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் அனுபவக் கணக்கு. கடல் புயல் வரும் பகுதியை மட்டும் இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படிக்க வேண்டும்.

அடுத்த தட்டு சயாம் ரயில். இங்கே எண்களைத் தெரிந்துகொண்டுதான் நாவலுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் அளவு பிடிபடாது. தாய்லாந்தின் நோங் பிளாடுக் முதல் பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அதில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள், அதில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அந்தத் தொழிலாளர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிப் போகப்பட்ட தமிழர்கள் பெருங்கூட்டம். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் பெயரோடு இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. ரெங்கசாமி தன் நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்று பெயர் வைத்ததன் கனம் இந்த இடத்தில் விளங்கும்.

நம் ஆட்கள் ஏன் அவ்வளவு பேர் செத்தார்கள் என்ற கேள்விக்கு நாவல் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். அடி உதை மட்டும் காரணம் இல்லை. போர்க்கைதிகளிடம் அதிகாரி வரிசை இருந்தது, கூடவே பிடிபட்ட ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று சொல்லி நடத்த ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த அமைப்பு எதுவும் இல்லை. 1943 மே, ஜூனில் மழையோடு காலரா வந்தபோது முகாம் முகாமாக விழுந்தார்கள். தோட்டத்துக் கங்காணி முறையே அங்கேயும் தொடர்ந்ததா, அரிசி எவ்வளவு கொடுத்தார்கள், உப்பு கிடைத்ததா என்றெல்லாம் எழுதும் நாவல் நம்பத் தகுந்தது. சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ மலேசியாவில் 1993-இல் வந்தது. இதை முதலில் படித்துவிட்டு ‘நினைவுச் சின்ன’த்துக்குப் போனால் ஒரே பாதையின் இரண்டு பார்வை கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். இரண்டையும் தொடர்ந்து படித்தால் சாவுகள் மனதில் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். அந்த மனிதர்களுக்கு அது நியாயம் செய்வதாகாது.

‘இமையத் தியாகம்’ இந்திய தேசிய ராணுவத்தின் கதை. பொதுவாக இந்தப் படை பற்றிய புனைவுகளில் நடக்கும் பிழை, 1942-இல் மோகன் சிங் தொடங்கிய முதல் படையையும் 1943-இல் நேதாஜி எடுத்து நடத்திய படையையும் ஒன்றாக்கிவிடுவது. இரண்டுக்கும் நடுவில் படை கலைந்து மோகன் சிங் கைதானார். ஜான்சி ராணிப் படை இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. அதை நடத்திய லட்சுமி சுவாமிநாதன் சென்னைக்காரர். 1942-இல் பெண்கள் அணிவகுப்பு என்று வந்தால் பக்கத்தில் பென்சில் கோடு போடுங்கள்.

பர்மாவுக்கு நாவலை விட்டுவிட்டு சாமிநாத சர்மாவை வைத்ததற்குக் காரணம் உண்டு. 1942-இல் நாலைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. அந்த நடையைப் பற்றிய எந்தப் புனைவையும் எடைபோட அவருடைய குறிப்புகள் படிக்கல். ரங்கூனிலிருந்து இம்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாந்தளே வரை ரயில், படகு என்று ஏதாவது கிடைத்தாலும் அதற்கப்பால் மலை. மூட்டையும் குழந்தையுமாக மலைவழியில் ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். ஐந்து நாளில் மலை தாண்டி இந்தியாவுக்கு வந்துவிடும் குடும்பத்தை நம்பாதீர்கள். மே மாத நடுவில் மழை பிடித்த பிறகு வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியில் போனவர்கள் கதி இன்னும் மோசம். வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் இருக்கும் பர்மாத் தமிழர்கள் பெரும்பாலும் 1960-களில் வந்தவர்கள். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையைப் பார்த்துவிட்டு 1942 நடைக்காரர்கள் என்று முடிச்சுப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு வெளியேற்றங்களுக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது.

ரஷ்ய நாவல்கள் இரண்டும் பூ. சோமசுந்தரம் ரஷ்ய மொழியிலிருந்து நேராகச் செய்தவை. ஆங்கிலம் வழியாக வராததால் பேச்சு பேச்சாக இருக்கிறது. போரிஸ் வசீலியெவின் ‘அதிகாலையின் அமைதியில்’ 1942 மே மாதத்துக் கதை: கரேலியக் காடு, ஒரு சார்ஜண்ட் மேஜர், ஐந்து பெண்கள். சின்னப் புத்தகம், ஒரே நாளில் முடியும். பெயர்கள்தான் தடுக்கும்: ஒரே ஆளை இடத்துக்கு இடம் சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர் என்று மாற்றி அழைப்பார்கள். முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பரீஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ (1946) இரண்டு கால்களையும் இழந்த விமானி மறுபடி போர் விமானம் ஓட்டிய கதை. பனிக்காட்டில் பதினெட்டு நாள் தவழ்ந்து வந்தவர். நிஜ விமானியின் பெயர் மரேஸ்யெவ், நாவலில் மெரேஸ்யெவ். ஒரே ஒரு எழுத்தை மாற்றி, நடந்ததற்கும் புனைந்ததற்கும் நடுவில் கோடு கிழித்திருக்கிறார். வங்கக் கடலோடு சேராத இவ்விரண்டும் அலமாரியில் இருப்பது அளவுகோலாக. இங்கே மலாயாவில் நடந்த அதே மாதங்களில் அங்கே என்ன நடந்தது என்று பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

‘அலை ஓசை’யில் போர் தூரத்து முழக்கம், அவ்வளவே. ‘18வது அட்சக்கோடு’ 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் போன நாட்களைச் செகந்திராபாத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையனின் கண்ணால் சொல்வது. தட்டின் கடைசியில் நிற்க வேண்டியது. ‘கொரில்லா’வை மட்டும் இந்த நாள் வரிசையில் செருகவில்லை. ஈழப் போரைப் பற்றி எழுதியவர்கள் அதில் இருந்தவர்கள், இழந்தவர்கள். அதை வரலாற்றுப் புனைவு என்று முத்திரை குத்தி 1942-க்கு அருகில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குத் தனித் தட்டு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பழைய புத்தகமென்றால் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக் கடைகள், மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கே போனவை. கையில் எடுத்ததும் பாரம் பாருங்கள். ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பதினாறு பக்கம் ஒரு பாரம். 17, 33, 49, 65 என்று பாரத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினாலே விட்டுப்போன பாரமும் இரண்டுமுறை கட்டிய பாரமும் தெரிந்துவிடும். நானூறு பக்கப் புத்தகத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். வீட்டுக்கு வந்த பிறகு 192-க்கு அப்புறம் 209 என்று கண்டால் மாற்றித் தரமாட்டார்கள். அடுத்து, ‘அலை ஓசை’ போன்ற நாட்டுடைமை நூல்களுக்குப் பல பதிப்பகங்களின் அச்சு இருக்கிறது. உள்தாளில் ‘சுருக்கம்’ என்ற சொல் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய நாவலைத் தைக்காமல் வெறும் பசையில் ஒட்டியிருந்தால் நடு முதுகில் பிளக்கும். புத்தகத்தின் தலைப்பக்கத்தை மேலிருந்து பாருங்கள்: தைத்த கட்டில் பாரங்கள் சின்னச் சின்ன வளைவுகளாகத் தெரியும், ஒட்டிய கட்டில் ஒரே தட்டையான வெட்டு. பழைய மாஸ்கோ அச்சுகள் தைத்தவை. அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கலாம்.

ஒட்டிய தடிப் புத்தகத்தை முதல்முறை திறக்கும் முறை: முதுகை மேசையில் நிறுத்தி, முன்னட்டையையும் பின்னட்டையையும் முதலில் சாய்த்து, பிறகு முன்னிருந்து இருபது தாள், பின்னிருந்து இருபது தாள் என்று மாற்றி மாற்றி அழுத்தி நடுவுக்கு வாருங்கள். எடுத்ததும் நடுவில் விரித்தால் பசை அங்கேயே விரிசல் விடும்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் புத்தகத்துக்கு எதிரி மூன்று: கடல் ஈரம், லாரிப் புழுதி, தாழ்ந்த தரையில் ஏறும் மழைநீர். காற்றின் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். இங்கே பல மாதங்கள் அதற்கு மேல்தான். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் வடகிழக்குப் பருவமழையில் சுவர் உறிஞ்சும் நீர் புத்தகத்தின் பின்பக்கம் ஏறும். புத்தகங்களை விரல் நுழையும் அளவு தளர்வாக அடுக்குங்கள். கண்ணாடிக் கதவு புழுதியைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளே பூட்டும். வெயில் நாளில் இரண்டு மணி நேரம் திறந்துவிட வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை வீடுகளில் நின்ற தண்ணீரை நினைத்தால் இது அதிகமில்லை. துகள்பலகை வேண்டாம், ஈரத்தில் ஊதி நடுவில் தொய்யும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்றாலும் மூன்று அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள்.

நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்க அவசரப்படக் கூடாது, ஈரத்தாள் கிழியும். நிறுத்தி வைத்து நீரை வடியவிட்டு, இருபது பக்கத்துக்கு ஒரு அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாள் செருகி, மின்விசிறியடியில் வையுங்கள்; தாளை மணிக்கொருமுறை மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். போர் நாவல்களில் வழவழப்பான ஆர்ட் தாளில் வரைபடமும் படங்களும் இருந்தால் அவைதான் முதலில் ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே அந்தப் பக்கங்களுக்கு நடுவில் மட்டும் பட்டர் பேப்பர் செருகிவிட வேண்டும்.

பழைய கடையில் வாங்கியதை நேரே அலமாரியில் ஏற்றாதீர்கள். ராமபாணமும் புத்தகப்புழுவும் முட்டையோடு வரும். பிளாஸ்டிக் பையில் காற்று வெளியேற்றி இறுகக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. உடனே பிரித்தால் நம் ஈரக்காற்று குளிர்ந்த தாளில் நீராகப் படியும். கிழிசலுக்கு செல்லோ டேப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து எழுத்தை விழுங்கும்.

தேதித் தாளில் 1942 ஏப்ரல் 6-க்கு அடுத்து ஒரு இடம் காலியாக இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்ததும் சென்னை காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின, குடும்பங்கள் ரயிலேறின. 1943 அக்டோபரில் பெருமழையும் வெள்ளமும் வந்த நாட்களில் ஒரு ஜப்பானிய விமானம் துறைமுகத்தின் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்கு முன்னால் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஊர் இது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். (அந்தக் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் இருந்தார் என்பது செவிவழிக் கதை, அந்த மாதம் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.) இவற்றை நடுவில் வைத்து, ராயபுரத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு முழு நாவல் என் தட்டில் இன்னும் இல்லை. எழுத நினைப்பவர் தெருப் பெயரில் கவனமாக இருக்க வேண்டும். ராஜாஜி சாலை அன்று வடக்குக் கடற்கரைச் சாலை, பிரகாசம் சாலை அன்று பிராட்வே, நேதாஜி பெயரில் இருக்கும் சாலையில் அன்று சைனா பஜார். டிராம் ஓடிக்கொண்டிருந்தது, 1953 வரை.

அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் விட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் சாயாமல் இருக்க, இப்போதைக்கு அதே அகலத்தில் ஒரு தேக்குக் கட்டை நிற்கிறது.